செம்பு பாய்லரை எடைக்குப் போடாதீர்கள்

நமது சங்க இதழைப் படிக்கும் மளிகை வணிகர்களுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் சரக்கு எடுக்கும் டீக்கடைக்காரர் யாராவது தன் பழைய கரி பாய்லரைப் பழைய இரும்புக் கடைக்குப் போடப் போகிறேன் என்று சொன்னால், ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வாரத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறேன்.

திருச்சி - சிதம்பரம் சாலையும் அரியலூர் - தஞ்சாவூர் சாலையும் சந்திக்கும் ஊர் கீழப்பழுவூர். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் இரவு பகலாக ஓடும் பகுதி. இங்கே டீக்கடை என்பது விடியற்காலை 4 மணிக்குத் திறக்கும் தொழில். அந்தக் கடைகளில் எல்லாம் ஒரு காலத்தில் செம்பு பாய்லர்தான் முதலில் கண்ணில் படும். நடுவில் கரி எரியும் குழாய், சுற்றிலும் தண்ணீர், அடியில் சாம்பல் விழும் சல்லடை, முன்னால் பித்தளைக் குழாய், மேலே பால் சட்டி. அவ்வளவுதான் அதன் அமைப்பு. ரஷ்யாவில் தூலா நகரத்துப் பட்டறைகள் செய்து புகழ்பெற்ற சமோவார், காஷ்மீரில் கஹ்வா காய்ச்சும் சமோவார் ஆகியவற்றுக்கும் இதே தத்துவம்தான். நெருப்பு உள்ளே, தண்ணீர் வெளியே.

எரிவாயு அடுப்பு வந்த பிறகு இந்தப் பாய்லர்கள் மூலைக்குப் போயின. மூலையில் இருந்தவை களிம்பேறின. களிம்பேறியதைப் பார்த்து, இனி உதவாது என்று கிலோக் கணக்கில் எடைக்குப் போடுகிறார்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். செம்பும் அப்படித்தான். ஆனால் எடைக்குப் போனால் கிடைப்பது உலோகத்தின் விலை மட்டும். அதைத் தட்டி, வளைத்து, பற்றவைத்த கைவேலைக்கு அங்கே ஒரு காசு கிடைக்காது. அதே பாய்லரைப் புதிதாகச் செய்யச் சொன்னால், உலோகத்தின் விலையோடு கூலியும் சேர்த்துத்தான் கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் கேட்பார்கள். இந்த வித்தியாசம் வியாபாரிக்குப் புரிய வேண்டாமா?

அமெரிக்காவில் 1952-இல் சிகாகோ பக்கத்தில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், தண்ணீரில் மிதக்கவிடும் இரும்பு மிதவைகள் செய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே, அந்த மிதவையைப் பாதியாக வெட்டி, மூடி போட்டு, கால் வைத்து ஒரு கரி அடுப்பு செய்தார். கெட்டில் அடுப்பு என்று பெயர் பெற்ற அந்த உருண்டை அடுப்பின் பழைய உருப்படிகளை அந்நாட்டு மக்கள் இன்றும் இரண்டாம் கையாகத் தேடி வாங்கி, துரு நீக்கி, சல்லடை மாற்றி, மறுபடி நெருப்பு மூட்டுகிறார்கள். அவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. நமக்கு இது பிழைப்பு. அவர்கள் காட்டும் அக்கறையில் பாதியாவது நாம் காட்டக் கூடாதா?

முதலில் வரவு செலவைப் பார்ப்போம். எரிவாயு ஒரு கிலோவுக்குச் சுமார் 11,000 கிலோ கலோரி வெப்பம் தரும். நல்ல காய்ந்த மரக்கரி ஒரு கிலோவுக்குச் சுமார் 7,000 தரும். வணிகச் சிலிண்டரில் இருப்பது 19 கிலோ. ஆக, ஒரு சிலிண்டரின் வெப்பம் ஏறத்தாழ 30 கிலோ கரியின் வெப்பத்துக்குச் சமம். உங்கள் ஊரில் 30 கிலோ கரி என்ன விலை என்று கேளுங்கள். இந்த மாதச் சிலிண்டர் விலையைப் பக்கத்தில் எழுதுங்கள். விடை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் நான் இங்கே தொகை எழுதவில்லை.

இதில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அடுப்பின் மேல் பாத்திரம் வைத்தால் ஜுவாலையின் வெப்பத்தில் ஒரு பங்கு பக்கவாட்டில் வெளியே போய்விடும். பாய்லரில் நெருப்பைச் சுற்றித் தண்ணீர் இருப்பதால் அந்த வீணடிப்பு குறைவு. அதே சமயம், எரிவாயுவை வேண்டாதபோது அணைத்துவிடலாம். கரி, வாடிக்கையாளர் வந்தாலும் வராவிட்டாலும் எரிந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே நாள் முழுதும் ஓட்டம் உள்ள சாலையோரக் கடைக்குக் கரி பாய்லர் பொருந்தும். காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும் மட்டும் ஓடும் கடைக்குப் பொருந்தாது. எல்லோரும் பழையதற்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பழைய பாய்லரை இரண்டாம் கையாக வாங்குகிறவர் என்னென்ன பார்க்க வேண்டும்? பளபளப்பைப் பார்க்கக் கூடாது. புளியும் மணலும் போட்டுத் தேய்த்தால் எந்தச் செம்பும் பளபளக்கும். நடுக்குழாய்க்குள் ஒரு விளக்கை இறக்கி, வெளியிலிருந்து தண்ணீர்ப் பகுதிக்குள் ஊசித்துளை வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். நெருப்பு படும் இடம் அதுதான், முதலில் தேய்வதும் அதுதான். அடுத்து, தண்ணீர் நிரப்பி ஓர் இரவு வைத்துவிடுங்கள். காலையில் பற்று வைத்த ஓரங்களில் ஈரம் கசிந்திருந்தால் தெரிந்துவிடும். ஓரத்தில் பிசின் பசையால் அடைத்த அடையாளம் இருந்தால், அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைக்கத்தான் வேண்டும். அடியிலுள்ள இரும்புச் சல்லடை தீய்ந்து போயிருப்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். அளவு கொடுத்தால் கொல்லர் செய்து தருவார். பித்தளைக் குழாய் ஒழுகினால் அரைத்துப் பொருத்தலாம். குழாய்க்கும் சல்லடைக்கும் பயந்து நல்ல பாய்லரை விட்டுவிடக் கூடாது. நடுக்குழாய் பல இடத்தில் ஓட்டையான பாய்லரை மலிவு என்று வாங்கவும் கூடாது.

நம் மாவட்டத்துக்கு என்று ஒரு தனிக் குறை உண்டு. அரியலூர் மண் சுண்ணாம்புக்கல் மண். கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாகப் படியும். பல வருடம் ஓடிய பாய்லரின் உள்ளே அந்தப் படிவு ஓடுபோல் கனத்து நிற்கும். அது இருக்கும்வரை வெப்பம் தண்ணீருக்குச் சரியாகப் போகாது. கரி அதிகம் செலவாகும், நடுக்குழாயும் சீக்கிரம் கெடும். இதை உளியால் தட்டி எடுக்கக் கூடாது, செம்பு குழிந்துவிடும். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் ஊற்றக் கூடாது. நம் கடையிலேயே விற்கும் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றி, சில மணி நேரம் ஊறவைத்துக் கொட்டினால் படிவு நெகிழ்ந்து வரும். கெட்டியாக இருந்தால் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும்.

இனிச் சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. நாம் எல்லோரும் "ஈயம் பூசுதல்" என்கிறோம். ஈயம் என்ற ஒரே சொல்லில் இரண்டு உலோகங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். பாத்திரத்துக்குப் பூச வேண்டியதும் வெள்ளீயம் மட்டுமே. காரீயம் விஷம். அது உடம்பில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்றும், இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. காரீயம் விலை குறைவு என்பதால் வெள்ளீயத்தோடு கலந்து பூசுவதற்கு இடம் உண்டு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பற்றுக் கம்பியிலும் காரீயம் கலந்திருக்கும். ஆகவே உட்புறப் பூச்சுக்கு மட்டுமல்ல, ஓரத்துப் பற்றுக்கும் காரீயம் கலக்காத கம்பிதான் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வெள்ளைக் காகிதத்தில் தேய்த்துப் பாருங்கள். காரீயம் பென்சில்போலச் சாம்பல் நிறக் கோடு போடும். சுத்த வெள்ளீயக் கம்பியை வளைத்தால் உள்ளே நொறுங்குவதுபோல ஒரு மெல்லிய ஓசை கேட்கும். ஒரே பருமனுள்ள துண்டுகளைக் கையில் ஏந்தினால் காரீயம் ஒன்றரைப் பங்கு கனக்கும். இவை ஒரு தடவை சரிபார்க்கத்தான் உதவும். முழு நிச்சயம் வேண்டுமானால் தரச் சான்றோடு உலோகம் விற்கும் கடையில் வெள்ளீயத்தை நாமே வாங்கி, பூசுபவர் கையில் கொடுத்து, நாம் பக்கத்தில் நிற்கும்போதே பூசச் செய்ய வேண்டும்.

பூசும் முறை பெரிய இரகசியம் அல்ல. களிம்பு முழுவதும் நீங்கும்வரை தேய்த்துக் கழுவி, கரி நெருப்பில் காட்டி, நவச்சாரம் தூவி, வெள்ளீயக் கம்பியைத் தொட்டால் 232 டிகிரியில் உருகி ஓடும். பஞ்சு அல்லது துணியால் வேகமாகத் துடைத்துப் பரப்ப வேண்டும். பாய்லரின் மேற்பகுதி கழலும் அமைப்பாக இருந்தால் வேலை எளிது. மூடிப் பற்றவைத்ததாக இருந்தால் ஓரத்தைப் பிரித்துப் பூசிவிட்டு மறுபடி மூட வேண்டும். கூலி கூடும். கூடட்டும். உட்புறம் பூசாமல் வெளியே மட்டும் மினுக்குவது சீர்செய்தல் ஆகாது.

இது வெறும் ஆலோசனை அல்ல, சட்டமும் கூட. சரியாக வெள்ளீயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 1954-ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் விதிகளிலேயே இருந்தது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின்கீழ் 2011-இல் வந்த விதிமுறைகளிலும் அது தொடர்ந்தது. செம்பு பாய்லர் வைத்தால் அதிகாரி பிடிப்பார் என்று சிலர் பயப்படுகிறார்கள். செம்பு என்பதற்காக அல்ல, பூச்சு இல்லை என்பதற்காகத்தான் கேள்வி வரும். பூச்சு சரியாக இருந்தால் நெஞ்சை நிமிர்த்திக் காட்டலாம்.

பயன்படுத்தும்போது இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, தண்ணீர் இல்லாமல் கரி மூட்டவே கூடாது. தண்ணீர் இருக்கும்வரை உலோகம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். வற்றிவிட்டால் பூச்சும் பற்றும் உருகி, செய்த செலவு அத்தனையும் ஒரு மணி நேரத்தில் போய்விடும். இரண்டு, கங்கு அணையாத பாய்லரைக் கடைக்குள் வைத்து ஷட்டரை இறக்கிவிட்டு யாரும் உள்ளே படுக்கக் கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கடையில் தங்கும் பையன்களிடம் முதலாளி இதை வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும். நான் எழுதியதில் மற்றதெல்லாம் பணத்தைப் பற்றியது, இது ஒன்று மட்டும் உயிரைப் பற்றியது.

கரி எரிப்பது மரத்துக்குக் கேடு அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் மாநிலத்தில் கரிக்குப் பெரிதும் வெட்டப்படுவது சீமைக்கருவேலம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கத்தில் மூட்டம் போட்டு எரிப்பது அதைத்தான். அந்நியத்திலிருந்து வந்து நம் ஏரி, கண்மாய்களை அடைத்துக் கொண்டிருக்கும் மரம் அது. அதை வெட்டினால் கண்ணீர் விட வேண்டியதில்லை. வேறு நாட்டு மரக்கரி வேண்டாம் என்று கரி வாங்கும்போதே கேட்டு வாங்கலாம்.

இதில் மளிகைக் கடைக்காரருக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள். சர்க்கரை, டீத்தூள், பிஸ்கட், ரொட்டி என்று நம் கடன் நோட்டில் நாள் தவறாமல் பெயர் வரும் வாடிக்கையாளர் டீக்கடைக்காரர். எரிபொருள் செலவு அவர் கல்லாவை அரித்தால், அடுத்து நிற்பது நம் பாக்கி.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன். முதலாவது, ஆண்டுக்கு ஒரு முறை, தீபாவளிக்கு முன்பாக, ஈயம் பூசும் தொழிலாளர்களை அழைத்து இரண்டு நாள் முகாம் நடத்த வேண்டும். ஒரு பாய்லருக்காக யாரும் தொலைவிலிருந்து வர மாட்டார்கள். நாற்பது பாத்திரம் சேர்ந்தால் வருவார்கள். தெருவில் கூவிக்கொண்டு வந்த அந்தத் தொழில் இன்று அருகிவிட்டது. நாம் வேலை கொடுத்தால்தான் அடுத்த தலைமுறை கற்கும். இரண்டாவது, முகாமுக்கான வெள்ளீயத்தைத் தரச் சான்றோடு சங்கமே மொத்தமாக வாங்கி, வாங்கிய விலைக்கே கொடுக்க வேண்டும். மூன்றாவது, கடையை மூடுகிறவர் தன் பாய்லரை எடைக்குப் போடுமுன் சங்க அலுவலகத்தில் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். வேண்டியவர் எடை விலைக்குச் சற்று மேலே கொடுத்து எடுத்துக்கொள்வார். விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம்.

இவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு நோட்டும், இரண்டு நாள் இடமும், கொஞ்சம் முன்பணமும் போதும். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேச நேரம் ஒதுக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இதே பக்கத்தில் எழுதட்டும். அதுவரை, மூலையில் கிடக்கும் பாய்லர் மூலையிலேயே கிடக்கட்டும். தராசில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.