பிஞ்சு நாவின் மீது இரட்டைச் சுமை

அண்மைக் காலமாக நம் ஊர்களில் ஒரு புதுவகைப் பள்ளி பெருகி வருகிறது. பெயர்ப் பலகையில் 'இஸ்லாமிக் நர்சரி' என்றிருக்கும். பிள்ளையின் கழுத்தில் டை, தலையில் தொப்பி. முற்பகலில் ஆங்கில எழுத்தும் ஆங்கிலப் பாட்டும். பிற்பகலில் அலிஃப், பா, தா என்று தொடங்கிச் சிறு சூராக்களும் துஆக்களும். ஆண்டு விழாவில் மூன்றரை வயதுப் பாலகன் மேடையேறி, ஆங்கிலத்தில் வரவேற்புரை கூறி, அரபியில் துஆ ஓதி இறங்கும்போது பெற்றோர் பூரித்துப் போகின்றனர். தீனும் துன்யாவும் ஒரே கட்டணத்தில் கிடைத்துவிட்டன என்பது அவர்களது நம்பிக்கை.

அதே பாலகன் இரவில் வயிறு வலித்தால் தன் உம்மாவிடம் எந்த மொழியில் முறையிடுகிறான்? தமிழில். அந்தத் தமிழுக்கு அப்பள்ளியில் நாற்காலி இல்லை. பேசக் கற்று முடிக்காத நாவின் மீது, வீட்டில் ஒருவரும் பேசாத இரு மொழிகளை ஏற்றிவிட்டு, அதனைக் கல்வி என்றும் மார்க்கப் பற்று என்றும் நாம் பெயரிட்டழைக்கிறோம். இது கல்வியுமன்று, மார்க்கம் இதனைக் கேட்கவுமில்லை. அரபி ஓதிக் கொடுப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவன் நான். ஆதலால் இதனை அரபியின் மீதுள்ள வெறுப்பென்று எவரும் தள்ளிவிட இயலாது.

மார்க்கம் கூறுவதென்ன? பிள்ளைகளைத் தொழும்படி ஏவுவதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குறித்த வயது ஏழு. இஸ்லாத்தின் தூணாகிய தொழுகைக்கே ஏழு வயதுவரை ஏவுதல் இல்லையென்றால், மூன்று வயதில் மதிப்பெண் பட்டியலையும் தேர்வையும் யார் விதித்தது? அபூ உமைர் என்ற சிறுவரோடு அவர் வளர்த்த குருவியைப் பற்றிப் பெருமானார் விளையாட்டாகப் பேசியதை ஹதீஸ் நூல்கள் பதிந்து வைத்துள்ளன. ஸஜ்தாவில் இருக்கும்போது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொள்ள, அது இறங்கும்வரை ஸஜ்தாவை நீட்டினார்கள் என்பதையும் நாம் மிம்பரில் பேசுகிறோம். மிம்பரிலிருந்து இறங்கியதும், இருக்கையை விட்டு எழுந்த குற்றத்துக்காகப் பிள்ளையின் காதைத் திருகுகிறோம்!

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் பிள்ளை வளர்ப்புக்கெனத் தனியே ஒரு பகுதி ஒதுக்கியுள்ளார்கள். ஓதி முடிந்த பிள்ளையை நல்ல விளையாட்டுகளில் ஈடுபட விட வேண்டும். விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிப்பில் அழுத்தினால் அதன் உள்ளம் செத்துவிடும், அறிவு மழுங்கிவிடும் என்பது அவர்களது கருத்து. 1377இல் தம் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், பிள்ளைக்கு முதலில் மொழியும் கவிதையும், பின்னர் கணக்கும், அதன் பின்னரே திருக்குர்ஆனும் கற்பிக்க வேண்டுமென்ற காழி அபூபக்ர் இப்னுல் அரபியின் யோசனையை எடுத்துக்காட்டுகிறார். ஊர் வழக்கம் அதற்கு இடந்தரவில்லை என்று ஒப்புக்கொண்டாலும், முறை நல்லதே என்று பாராட்டுகிறார். புரியாத ஒன்றைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவதே அங்கு எழுந்த கவலை. அரபியைத் தாய்மொழியாகக் கொண்ட மக்களிடையே அப்படியொரு கவலை எழுந்ததெனில், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நமக்கு அது எத்தனை மடங்கு இருக்க வேண்டும்!

'இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஏழு வயதில் திருக்குர்ஆனை மனனம் செய்யவில்லையா?' என்று கேட்பர். செய்தார்கள் என்றே வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். ஆனால் அவர்களுடைய தாய் அவர்களைத் தாலாட்டியது அரபியில். மனனம் செய்யும் மொழி தாய் பேசிய மொழியாகவே இருந்தது. அந்த நிலத்தின் விளைச்சலைக் காட்டி, வேறு நிலத்தில் பருவம் தப்பி விதைப்பது நியாயமாகாது.

இனி ஆங்கிலம். எல்.கே.ஜி. என்பதன் பின்னிரண்டு எழுத்துகளும் 'கிண்டர்கார்ட்டன்' என்ற ஜெர்மானியச் சொல்லின் சுருக்கம். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். 1840இல் அப்பெயரைச் சூட்டிய ஃப்ரோபெல், பாட்டும் விளையாட்டும் கைவேலையுமே பாலர் கல்வி என்றார். மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரில் திறந்த முதல் இல்லம், சான் லொரன்சோ என்னும் தொழிலாளர் பகுதியின் ஏழைப் பிள்ளைகளுக்கானது. 1939இல் அவரே சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். இன்றோ அவர் பெயர் கட்டணத்தை உயர்த்தும் விளம்பரச் சொல்லாகிவிட்டது. தோட்டம் என்ற பெயரில் செடியே இல்லாத மாடியறை. மாண்டிசோரி என்ற பெயரில் மனப்பாடம்!

ஆங்கிலம் வேண்டாமென்று நான் கூறவில்லை. அது வரவேண்டிய வழியையும் வயதையும் கூறுகிறேன். பிள்ளைக்குக் கற்பிக்கத் தாய்மொழியே சிறந்த வாயில் என்று யுனெஸ்கோ 1953இலேயே அறிக்கை வெளியிட்டது. பள்ளிச் சுமையை ஆராய்ந்த யஷ்பால் குழு, நர்சரிச் சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் கூடாதென்று 1993இல் பரிந்துரைத்தது. தன் மொழியில் கதை கேட்டு, கேள்வி கேட்டு, கோபித்து, சமாதானமாகிப் பழகிய பிள்ளை எந்த மொழியையும் பின்னர் எட்டிப் பிடிக்கும். தன் மொழியே தளராத வேரூன்றாத பிள்ளையோ மூன்று மொழிகளில் மழலை பேசி, ஒன்றிலும் சிந்திக்க இயலாமல் நிற்கும். நம் இளைஞர் பலருக்கு இன்று ஒரு விண்ணப்பக் கடிதத்தைத் தமிழில் பிழையின்றி எழுதவும் வரவில்லை, ஆங்கிலத்திலும் வரவில்லை. இந்நோயின் தொடக்கம் எங்கே என்று நாம் தேட வேண்டாமா?

மாற்று வழி என்ன என்று வினவுவோர்க்கு, அது நம் தெருமுனையிலேயே இருக்கிறது என்பேன். 1975 அக்டோபர் 2ஆம் நாள் நடுவணரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வழியே வந்தவை அங்கன்வாடிகள். தமிழகத்தில் மட்டும் 50,000க்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. அங்கே சத்துமாவு உண்டு, மதிய உணவு உண்டு, முட்டை உண்டு, எடை பார்த்துப் பதிவு செய்கின்றனர், தடுப்பூசிக்கு வழிகாட்டுகின்றனர், தமிழில் பாடி ஆடுகின்றனர். கருவுற்ற தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் அங்கே பங்குண்டு. இவை தருமமல்ல, நாம் செலுத்தும் வரியில் விளைந்த நம் உரிமை.

ஆனால் 'அது இல்லாதவர்களுக்கு உள்ள இடம்' என்று நம்மில் வசதி படைத்தோர் முகஞ்சுளிக்கின்றனர். இந்த முகச்சுளிப்பில் ஒரு கொடுமை மறைந்திருக்கிறது. கேள்வி கேட்கக்கூடிய குடும்பங்கள் விலகியதும், அந்த மையத்தின் கூரை ஒழுகினாலும் கழிப்பறை பழுதானாலும் கேட்பாரில்லை. பின்னர் ஒழுகும் கூரையைச் சுட்டிக்காட்டி, 'பார்த்தீர்களா, இதனால்தான் அனுப்பவில்லை' என்கிறோம். இங்கே சட்டமும் அரைமனத்தோடுதான் நிற்கிறது. 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம் 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குட்பட்டோர்க்கோ அரசு 'முயல வேண்டும்' என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. உரிமை குன்றிய இடத்தில் மக்களின் கண்காணிப்பே பாதுகாப்பு. அதனையும் நாம் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

மேலப்பாளையம் போன்ற ஊர்களில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றும் நம் பெண்களை எண்ணிப் பாருங்கள். மடியில் முறம், முறத்தில் புகையிலைத் தூள், அருகே தவழும் குழந்தை. ஐம்பது பேர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென்று 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் கட்டளையிட்டது. தன் வீட்டையே தொழிற்கூடமாக்கிக்கொண்ட அப்பெண்ணுக்கு அதனால் என்ன பயன்? அவள் பிள்ளைக்குப் பகலில் புகையிலை நெடியில்லாத ஓர் அறையும் ஒருவேளை உணவும் வேண்டும். இஸ்லாமிக் நர்சரியின் கட்டணம் அவளுக்கு எட்டாது. கோடிக்கணக்கில் திருமண மண்டபம் கட்டும் ஜமாஅத்துகளுக்கு இந்த ஓர் அறை கண்ணில் படவில்லையே!

'அங்கன்வாடியில் மார்க்கச் சூழல் இல்லையே' என்பது இறுதி வாதம். மூன்று வயதுப் பிள்ளையின் மார்க்கச் சூழல் அதன் உம்மாவின் மடியும் வாப்பாவின் தொழுகை விரிப்புமே. உறங்கப் போகும்போது நூஹ் நபியின் கப்பலையும் யூனுஸ் நபியின் மீனையும் கண்ணும்மா தமிழில் சொல்லட்டும். பிள்ளையின் ஈமான் அங்கே ஊறும். வீட்டில் அதனைச் செய்ய நேரமில்லாதோர் கட்டணம் கட்டி ஈமானை வாங்கிவிட இயலாது. பக்கத்துத் தெருப் பிள்ளைகளோடு ஒரே பாயில் அமர்ந்து உண்பதால் ஈமான் குறைந்துவிடாது. அண்டை வீட்டாரின் உரிமையை அறியும் முதற்பாடமாக அது அமையும்.

ஆகவே நான் கேட்பவை சில. ஏழு வயதுக்கு முன் எழுத்துத் தேர்வும் மதிப்பெண்ணும் நம் நிறுவனங்களில் ஒழியட்டும். ஓதும் பள்ளியில் சின்னஞ்சிறார்க்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் போதும், செவிவழி ஓதலும் தமிழ்க் கதையும் அதில் நிறையட்டும், பிரம்பு வெளியேறட்டும். ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவின் அங்கன்வாடியைத் தன் பொறுப்பாகக் கருதி, கூரைக்கும் குடிநீருக்கும் கழிப்பறைக்கும் அரசிடம் எழுதட்டும். இடமில்லையெனில் இடம் தரட்டும். பீடி சுற்றும் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பகல் காப்பகம் ஒன்றைத் திறக்கட்டும். இவற்றுள் எதற்கும் ஒரு மண்டபத்தின் செலவு ஆகாது.

அடுத்த ஜூன் மாதச் சேர்க்கைக்கு முன், நம் ஜமாஅத் நிர்வாகிகள் தத்தம் தெருவின் அங்கன்வாடிக்குள் ஒருமுறை சென்று பார்க்கட்டும். அங்கு எத்தனை பிள்ளைகள், கூரை எப்படி, பானையில் என்ன என்று அடுத்த பொதுக்குழுவில் அவர்கள் எழுந்து கூறட்டும். பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதம் குறித்து மறுமையில் கேள்வியுண்டு.