வேலி போடாத வியாபாரம்

சித்திரை பிறந்தால் மலையகத்தில் பணம் புரளும் என்பார்கள். 1934ஆம் ஆண்டு ஆரம்பமான நுவரெலியா மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் முதல், எமது பதுளை மாவட்டத்தின் தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயம் வரை, கார் பந்தயக்காரர்களுக்கு இது பெரும் பருவம். ஹோட்டல்காரர், சாப்பாட்டுக்கடைக்காரர், வேன் ஓட்டுபவர் எனப் பலருக்கும் அதில் பிழைப்புண்டு. பசறையில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் எனக்கும் உண்டு. ஆகவே பந்தயத்துக்கு எதிரியாக நின்று இதனை எழுதவில்லை.

ஐந்து வருட இடைவெளிக்குப் பின் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி பொக்ஸ்ஹில்லில் போட்டி நடந்தது. பாதையை விட்டு விலகிய கார் ஒன்று பார்வையாளர் பக்கம் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட 7 பேர் உயிரிழந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

சில நாட்களின் பின் கடைக்கு வந்த இளம் வியாபாரி ஒருவர், "நானா, இனிப் பந்தயமே இல்லாமல் போய்விடுமோ?" என்று கவலைப்பட்டார். அவரது கவலை நியாயமானது. ஆனால் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும் என்பதே எனது கருத்து.

1955ஆம் ஆண்டின் உலக ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன்ஷிப்பைப் பாருங்கள். ஜூன் 11ஆம் திகதி பிரான்சின் லே மான் 24 மணித்தியாலப் பந்தயத்தில் மெர்சிடிஸ் கார் ஒன்று இன்னொரு காரில் மோதிச் சிதறியது. அதன் பாகங்கள் பார்வையாளர் கூட்டத்தில் பாய்ந்து 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வருடச் சாம்பியன் பட்டத்தை வென்றதும் மெர்சிடிஸ்தான். ஆயினும் வருட இறுதியில் பந்தயக் களத்தை விட்டு விலகிய அக்கம்பனி, நெடுங்காலம் திரும்பவில்லை. சுவிட்சர்லாந்து சுற்றுப்பாதைப் பந்தயங்களையே தடை செய்தது. லே மான் நிர்வாகிகளோ பார்வையாளர் மேடையை இடித்துத் திருப்பிக் கட்டினர், பாதையை அகலமாக்கினர். அப்பந்தயம் இன்றும் நடைபெறுகிறது. இலட்சக்கணக்கானோர் வருகின்றனர்.

வியாபாரிகளாகிய நாம் கற்க வேண்டிய பாடம் இதுதான். பாதுகாப்புக்குப் போடும் பணம் செலவல்ல, முதல். தடுப்பு வேலி, சனத்துக்கும் பாதைக்கும் இடையில் போதிய தூரம், பார்வையாளருக்குக் காப்புறுதி ஆகிய மூன்றையும் கணக்கில் சேர்க்காமல் காட்டப்படும் இலாபம் இலாபமே அல்ல. அந்தக் கடனை யாரோ ஒரு தாய் கட்ட நேரிடும்.

பசறையாருக்கு இதனை விளக்கத் தேவையில்லை. 2021 மார்ச் 20ஆம் திகதி 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்தபோது, எத்தனை வீடுகளில் அழுகைச் சத்தம் கேட்டது!

பந்தயத்துக்கு அனுசரணை கேட்டு வருவோரிடம் கடைக்காரர்களாகிய நாம் பெனரில் எமது பெயர் எங்கே வரும் என்றுதான் கேட்கிறோம். இனி எவரேனும் என்னிடம் வந்தால், நான் முதலில் கேட்கப்போவது ஒன்றுதான்: வேலி எங்கே?

நீங்களும் கேளுங்கள். காசு கொடுப்பவன் கேட்டால்தான் வேலி வரும்.