தலைக்கவசம் மட்டும் போதாது

2014 ஜூன் 28 அன்று மாலை, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் மழையிடையே சரிந்து வீழ்ந்தது. 61 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் ஆந்திரத்திலிருந்து கூலி தேடி வந்தவர்கள். உரிமையாளர் யார், பொறியாளர் யார், அனுமதி தந்தவர் யார் என்று அன்று நாம் கேட்டோம். கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் கட்டடத்துள் நாள்தோறும் உழைப்பவரிடம், 'உங்கள் கண்ணுக்கு ஏதேனும் பிழை தெரிகிறதா?' என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் உண்டா என்பதை எண்ணிப் பார்த்தோமா?

சாரத்தின் கட்டு தளர்ந்திருப்பதை முதலில் அறிபவர், அதன்மேல் ஏறி நிற்கும் கொத்தனார். சென்ட்ரிங் முட்டு அசைவதை உணர்பவர் கம்பி கட்டுபவர். கடைக்கால் பள்ளத்தில் மண் விரிசல் விடுவதைக் காண்பவர், உள்ளே நின்று தோண்டுபவர். ஈரச் சிமெண்டு தோலை அரிப்பதைச் சித்தாளே அறிவார். அறிவு இவர்களிடம் இருக்கிறது. அதிகாரமோ வேறிடத்தில் இருக்கிறது. நம் முறையீடு இப்பிளவைப் பற்றியதே.

தலைக்கவசம் வழங்கி, அலுவலர் ஒருவரை நியமித்துவிட்டால் கடமை தீர்ந்தது என்பார் உளர். அலுவலர் தேவையே, ஆயினும் ஒருவரின் கண் எல்லாத் தளங்களையும் காணாது. 'பலர் தலைமை ஏற்றால் வேலை குழம்பும்' என்றும் அவர்கள் வாதிடுவர். வரைபடத்தைத் தொழிலாளர் மாற்றட்டும் என்று நாம் கூறவில்லை. ஆபத்தைக் கண்டவர் எவராயினும் 'நிறுத்துங்கள்' என்று சொல்லவும், சொன்னதற்காக அன்றைய கூலியை இழக்காதிருக்கவும் உரிமை வேண்டும் என்கிறோம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1988இல் நிறைவேற்றிய 167ஆம் உடன்படிக்கையும், உடனடிப் பேராபத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையைக் கட்டடத் தொழிலாளிக்கு வழங்குகிறது.

நம் நாட்டுச் சட்டமும் இக்கொள்கையை அறியாததன்று. 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம், பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் முதலாளி தரப்பினரைவிடக் குறையலாகாது என்று பணித்தது. ஆனால் அது 500 பேருக்குக் குறையாமல் உழைத்த இடங்களுக்கே பொருந்தியது. பத்துப் பேர் எழுப்பும் வீட்டிற்கு?

அங்கே பொறுப்பு நம்முடையது. வீடோ, பள்ளியோ, ஆலயமோ கட்டுவிக்கும் நாம் விலை பேசுகிறோம். முடிக்கும் நாளைக் குறிக்கிறோம். இனி இதையும் பேசுவோம்: நாள்தோறும் வேலை தொடங்குமுன் மேஸ்திரியும் கொத்தனாரும் சித்தாளும் பத்து நிமிடம் கூடி, அன்றைய ஆபத்துகளை ஆராயட்டும். வடநாட்டுத் தொழிலாளிக்கு அவருடைய மொழியில் அவை சொல்லப்படட்டும். அந்தப் பத்து நிமிடத்திற்கும் கூலி தருவோம்.

திறப்பு விழாக் கல்வெட்டில் நம் பெயர் பொறிக்கப்படுவதை விரும்புகிறோம். கட்டியவர் அனைவரும் நலமாக வீடு திரும்பினர் என்பதையே அதனினும் பெரிய பெருமையாகக் கொள்வோமாக!