கம்ப்யூட்டர் சொன்னால் போதுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர், "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, சரியாகத்தான் இருக்கும்" என்பார்கள். சாஃப்ட்வேர் எழுதுவதே என் தொழில். ஆனாலும் இந்த நம்பிக்கை எனக்குப் பயமாக இருக்கிறது. காரணம், கொலம்பியா விண்வெளி ஓடம்.

2003 ஜனவரி 16-ல் கொலம்பியா கிளம்பிய சுமார் 82 விநாடிகளில், எரிபொருள் டேங்கிலிருந்து பெயர்ந்த ஃபோம் துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. அந்த விளிம்பு கார்பன் இழைகளால் ஆன கலப்புப் பொருள். கடும் வெப்பத்தைத் தாங்கும். ஆனால் அடிபட்டால் இரும்புத் தகடு போல நெளிந்து காட்டிக்கொடுக்காது. விமானங்களில் உள்ள கார்பன் ஃபைபரும் அப்படித்தான். மேலே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அதனால்தான் அல்ட்ராசவுண்ட் அலைகளை அனுப்பி, எதிரொலியை வைத்துச் சோதிக்கிறார்கள்.

கொலம்பியாவை ராணுவத்தின் உதவியுடன் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று என்ஜினியர்கள் கேட்டார்கள். நிர்வாகம் சம்மதிக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்ததே போதும் என்று விட்டுவிட்டார்கள். வெப்பம் தடுக்கும் ஓடுகளுக்கான கணக்கின் பெயர் 'க்ரேட்டர்'. சின்னஞ்சிறு துண்டுகளை மோதவிட்டு உருவாக்கியது. மோதியதோ அவற்றைவிடச் சுமார் 400 மடங்கு பெரியது! சேதம் ஆழமாக இருக்கும் என்றே க்ரேட்டர் காட்டியது. "இது எப்போதும் கூட்டித்தான் சொல்லும்" என்று அதையும் ஒதுக்கிவிட்டார்கள்.

பிப்ரவரி 1-ல் பூமிக்குத் திரும்பும்போது ஓடம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில், அதேபோன்ற ஃபோம் துண்டைக் கார்பன் பலகை மீது சுட்டுப் பார்த்தார்கள். சுமார் 16 அங்குல ஓட்டை விழுந்தது. 2005-ல் மீண்டும் பறக்கத் தொடங்கியபோது, நீண்ட கம்பத்தில் லேசர் கருவி பொருத்தி, விண்வெளியிலேயே இறக்கையைச் சோதித்தார்கள்.

என் கருத்தில், தவறு சாஃப்ட்வேருடையது அல்ல. அது எதை வைத்துச் சோதிக்கப்பட்டது என்று கேட்காததும், நேரில் பார்க்க வழியிருந்தும் பார்க்காததும்தான் தவறு.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இது பொருந்தும். ஆன்டிவைரஸ் "வைரஸ் இல்லை" என்றால், தனக்குத் தெரிந்த வைரஸ் இல்லை என்றுதான் அர்த்தம். "பேக்கப் முடிந்தது" என்று மெசேஜ் வந்தால் அதோடு எழுந்துவிடாதீர்கள். பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலையாவது திறந்து பாருங்கள்.