ஐப்பசியில் கல்லூரி திறப்பு: விதைப்பு நேரத்தில் பெற்றோர் திண்டாட்டம்

அருப்புக்கோட்டை,

கலைக்கல்லூரி ஜூன்-ஜூலையில் திறந்துவிடும். ஆனால் டாக்டர் படிப்புக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு வகுப்பு எப்போது? "கூப்பிடுறப்போ போகணும்" என்பதுதான் பதில்.

"நீட்" முடிவு, அகில இந்திய கலந்தாய்வு, மாநில கலந்தாய்வு, அதிலும் 2-வது சுற்று, 3-வது சுற்று என்று ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதே தாமதத்துக்குக் காரணம்.

2020-ல் இடம் கிடைத்தவர்களுக்கு 2021 பிப்ரவரி 1-ந்தேதிதான் வகுப்பு தொடங்கியது. அடுத்த அணிக்கு 2022 பிப்ரவரி 14-ந்தேதி. அதற்கடுத்த அணிக்கு 2022 நவம்பர் 15-ந்தேதி. கொரோனா ஓய்ந்த பிறகும் செப்டம்பர்-அக்டோபர் ஆகிவிடுகிறது.

விதையா? பீசா?

அருப்புக்கோட்டை-திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. புரட்டாசி-ஐப்பசி மழையை நம்பித்தான் விதைப்பு. உழவு, விதை, உரம் என்று கையிலிருந்த காசெல்லாம் மண்ணுக்குள் போயிருக்கும். வெள்ளாமை வீடு வந்து சேர தை-மாசி ஆகும்.

கல்லூரிக் கடிதம் வருவதோ நடுவில்! அப்போது காசு புரட்டணும் என்றால் ஆட்டை விற்கணும். இல்லை, தோட்டை அடகு வைக்கணும்.

2020-ல் நடந்தது

அரசுப் பள்ளி மாணவ-மாணவிகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அந்த நவம்பரில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும், பணம் கட்ட வழியில்லாமல் சிலர் இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு அதன் பிறகுதான் வந்தது.

கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு ஏற்றாலும், பெட்டி-படுக்கை, புத்தகம், வெள்ளை கோட்டு, பஸ் செலவு சொந்தக் காசுதான். விருதுநகரிலேயே 2022 ஜனவரி 12-ந்தேதி மருத்துவக்கல்லூரி திறக்கப்பட்டது. ஆனால் இடம் அங்கேதான் கிடைக்கும் என்று யார் சொல்ல முடியும்? தர்மபுரியிலும் கிடைக்கலாம், கன்னியாகுமரியிலும் கிடைக்கலாம்.

டி.சி. எங்கே?

"எதுக்கும் இருக்கட்டும்" என்று ஜூலையிலேயே பட்டப்படிப்பில் சேர்த்துவிடும் பெற்றோர் உண்டு. திருச்சுழியிலேயே 2022-ல் அரசு கலைக்கல்லூரி வந்துவிட்டதால் இது சுலபம். ஆனால் நடுவில் விலகும்போது டி.சி.க்கும் கட்டிய பணத்துக்கும் அலைச்சல்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக்குழு 2018-லேயே அறிவித்துவிட்டது. 2024-25-ல் செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுப் பணமும் திருப்பித் தரவேண்டும். அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக்கூடாது என்றும் சொன்னது. அந்தந்த வருட உத்தரவைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பெற்றோர் கவனிக்க

சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரி சான்று ஆகியவற்றை "ரேங்க்" பட்டியல் வரும்வரை தள்ளிப்போடக்கூடாது. ஆடியிலேயே இ-சேவை மையத்தில் மனு போட்டுவிடணும். 6-ம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றை அந்தந்தப் பள்ளியில் வாங்கி வைக்கணும். மாணவன் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். விதைக்கு ஒதுக்கும்போதே பயணத்துக்கும் ஒரு தொகையை முடிந்து வைக்கணும்.

இன்னொரு கஷ்டம், பாடம். மருத்துவ மாணவர்களுக்கு 2019 முதல் தொடக்கப் பயிற்சி வகுப்பு உண்டு. கடைசி சுற்றில் சேர்பவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். தமிழில் படித்த பிள்ளை நேராக ஆங்கில வகுப்பில் போய் உட்கார்ந்தால் தடுமாற்றம்தான். காத்திருக்கும் மாதங்களில் உயிரியல் பாடத்தை ஆங்கிலத்தில் ஒருமுறை புரட்டினாலே பாதி பயம் போகும்.

டாக்டர் படிப்போடு இது நிற்கவும் போவதில்லை. ஜூலையிலும் ஜனவரியிலும் வருடத்துக்கு 2 தடவை மாணவர்களைச் சேர்க்கலாம் என்று 2024 ஜூனில் மானியக்குழு அறிவித்தது.

ஜனவரி என்றால் மார்கழி-தை. வெள்ளாமை வீடு வருகிற நேரம். கரிசல் காட்டுக் குடும்பத்துக்கு அது தோதாகக்கூட அமையலாம். ஐப்பசி அழைப்புக்கோ, ஆடியிலேயே ஆயத்தம் செய்தால்தான் கிடைத்த இடம் கையில் நிற்கும்.