ஏழு குழந்தைகளும் ஒரு கட்டுரையும்

தரக்கட்டுப்பாட்டு வகுப்பில் 'கூசம்' வரைபடம் நடத்திய அன்று நம்மில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தோம் (நானும்தான்). லேத்தில் கடையும் தண்டின் விட்டம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போவதை, கழிவு மலையாகக் குவிவதற்கு முன்பே கண்டுபிடிக்கும் வழி அது. 1954இல் இ. எஸ். பேஜ் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் கொண்டுவந்தது. பரீட்சைக்காக அதைத் தேடிப் போன இடத்தில் ஓர் இதய அறுவை மருத்துவரின் பெயர் வந்து நின்றது. தொழிற்சாலை வரைபடத்தில் டாக்டருக்கு என்ன வேலை என்று எட்டிப் பார்த்தேன். அதோடு பரீட்சை போச்சு.

அவர் பெயர் மார்க் டி லெவால். 1941இல் பெல்ஜியத்தில் பிறந்தவர். லண்டனில் உள்ள கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் பல்லாண்டு காலம் பிஞ்சு இதயங்களை அறுத்துத் தைத்தவர். 2022இல் மறைந்தார். அவரைப் பற்றி மருத்துவர்கள் எழுதினால் முதலில் இரண்டு விஷயங்களைச் சொல்வார்கள். நுரையீரலுக்குப் போதிய ரத்தம் போகாத குழந்தைகளுக்கு, கோர்டெக்ஸ் குழாய் ஒன்றைக் கையின் தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே பாலமாகத் தைக்கும் முறை (1981). கோர்டெக்ஸ் என்றால் மழைக்கோட்டுத் துணிக்குப் பெயர் போன அதே பொருள்தான். அடுத்தது, பாதி இதயத்தோடு பிறக்கும் குழந்தைகளுக்கான ஆபரேஷனில், ரத்தம் துடிக்கிற அறை வழியாகப் போனால் சுழித்து ஆற்றலை இழக்கிறது என்பதைச் சோதனைக்கூட மாதிரிகளில் அளந்து பார்த்து, நேர்பாதை போட்டுக் கொடுத்தது (1988). இரண்டும் பெரிய சாதனைகள். மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால் அவருடைய மிகப் பெரிய வேலை 1994இல் வெளியிட்ட ஒரு கட்டுரை. அதில் அவர் எழுதியது தன் தோல்விகளைப் பற்றி.

விஷயம் இதுதான். சில குழந்தைகளுக்கு இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய தமனிகளும் இடம் மாறிப் பிறந்துவிடும். உடம்புக்குப் போக வேண்டிய ரத்தம் நுரையீரலுக்கும், நுரையீரலுக்குப் போக வேண்டியது உடம்புக்கும் போகும். குழந்தை நீலம் பாய்ந்து கிடக்கும். பிறந்த சில நாட்களுக்குள் இரண்டு தமனிகளையும் வெட்டி இடம் மாற்றித் தைக்க வேண்டும். 1975இல் பிரேசிலில் அடிப் ஜாடேனே வெற்றிகரமாகச் செய்து காட்டிய ஆபரேஷன் இது. கஷ்டமான கட்டம், இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கொரோனரி தமனிகளையும் பெயர்த்து நடுவது. அவை ஓரிரு மில்லிமீட்டர் குறுக்களவுதான் இருக்கும். சற்றே முறுக்கிக்கொண்டாலும் குழந்தை போய்விடும்.

டி லெவால் இதை 104 பச்சிளங் குழந்தைகளுக்குச் செய்தார். முதல் 52 பேரில் ஒரே ஒரு மரணம். அந்தக் காலத்துக்கு அற்புதமான கணக்கு. அதற்குப் பிறகு 53ஆவது குழந்தையிலிருந்து 68ஆவது குழந்தைக்குள், அதாவது பதினாறே பேரில், ஏழு பேர் இறந்தார்கள்.

அதே கை, அதே மருத்துவமனை. இந்த இடத்தில் ஒரு மனிதர் என்னவெல்லாம் சொல்லிக்கொள்ளலாம்! 'கெட்ட நேரம்', 'இந்தத் தடவை வந்ததெல்லாம் சிக்கலான கேஸ்'. அரியர் வைத்தால் நாம் சொல்லாததா? அவர் அப்படிச் சொல்லி நகரவில்லை. பர்மிங்ஹாமில் இதே ஆபரேஷனை நன்றாகச் செய்துவந்த வில்லியம் ப்ரானிடம் போய், பக்கத்தில் நின்று பார்த்துத் திரும்பக் கற்றுக்கொண்டார். ஐம்பது வயதைத் தாண்டிய, உலகமே அறிந்த ஒரு நிபுணர்! பிறகு டேவிட் ஸ்பீகல்ஹால்ட்டர் போன்ற புள்ளியியலாளரைக் கூட வைத்துக்கொண்டு, தன் 104 கேஸ்களையும் லேத் தண்டுகளைப் போல வரிசையாகக் கூசம் கோட்டில் போட்டார். ஒவ்வொரு மரணத்துக்கும் கோடு எவ்விக் குதிக்கும். எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை. உடனுக்குடன் இப்படிப் போட்டுப் பார்த்துவந்தால் சரிவு தொடங்கும்போதே தெரிந்துகொள்ளலாம் என்பது அவர் வாதம். மரணங்களை மட்டுமல்ல, மயிரிழையில் தப்பியவற்றையும் எண்ண வேண்டும் என்றார். இதய-நுரையீரல் எந்திரத்திலிருந்து குழந்தையை விடுவித்த பிறகு மறுபடி அதில் இணைக்க வேண்டி வந்ததா? பிழைத்தாலும் அது கணக்கில் வர வேண்டும்.

மருத்துவப் பயிற்சியில் 'ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைச் சொல்லிக்கொடு' என்று ஒரு பழைய வழக்கு உண்டு. பட்டம் வாங்கியதும் பயிற்சி முடிந்துவிடும் என்ற நினைப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. பயிற்சி முடிவதே இல்லை, குருவுக்கும் கை தவறும் என்பதைத் தன்னையே உதாரணமாக வைத்துக் காட்டியதைவிடப் பெரிய பாடத்தை எந்த சர்ஜன் நடத்திவிட முடியும்?

இதற்கு எதிர்ப்பேச்சும் உண்டு. ஒவ்வொரு சர்ஜனின் மரணக் கணக்கையும் வெளியே வைத்தால் ஆபத்தான கேஸை யாரும் தொட மாட்டார்கள் என்பார்கள். பிரிட்டனில் 2005இல் இதய சர்ஜன்களின் கணக்குகள் பத்திரிகையில் வந்தபோதும் இந்தப் பயம் எழுந்தது. நியாயமான பயம்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். டி லெவாலால் அப்படி எழுத முடிந்தது, அவர் ஏற்கெனவே டி லெவாலாக இருந்ததால். நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் எழுதியிருந்தால் வேலை இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

ஆனாலும் 60ஆவது குழந்தையின் அப்பா இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன். கோடு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டுமா, வேண்டாமா? எனக்குத் தெரிகிறதோ இல்லையோ, கத்தியைப் பிடித்திருப்பவருக்காவது தெரிந்தே ஆக வேண்டும்.

எண்ணாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே நாட்டில் பதில் கிடைத்தது. பிரிஸ்டல் மருத்துவமனையில் குழந்தைகளின் இதய ஆபரேஷன்கள் சரியில்லை என்று ஸ்டீபன் போல்சின் என்ற மயக்க மருந்து டாக்டர் பல வருடம் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. 1995 ஜனவரியில் இதே தமனி மாற்று ஆபரேஷனில் இன்னொரு குழந்தை இறந்த பிறகுதான் வெளியிலிருந்து இருவரை அழைத்து ஆராயச் சொன்னார்கள். அதில் ஒருவர் டி லெவால். பின்னர் நடந்த பொது விசாரணையின் அறிக்கை 2001இல் வந்தது. 1991 முதல் 1995 வரை ஒரு வயதுக்கு உட்பட்டவர்களில் 30 முதல் 35 குழந்தைகள் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. எனக்கு அதுதான் அதிகம் பயமாக இருக்கிறது.

டி லெவால் அதோடு நிற்கவில்லை. விபத்துகளை ஆராயும் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசனைச் சேர்த்துக்கொண்டு, 16 மருத்துவமனைகளில் 21 சர்ஜன்கள் செய்த 243 தமனி மாற்று ஆபரேஷன்களை ஆராய்ந்தார். தியேட்டருக்குள் ஆட்களை நிற்க வைத்து, நடக்கும் தவறுகளைக் குறிக்கச் சொன்னார். 2000இல் வந்த முடிவு நான் எதிர்பார்க்காதது. பெரிய தவறு நடந்தால் எல்லாரும் விழித்துக்கொள்கிறார்கள், பெரும்பாலும் சமாளித்துவிடுகிறார்கள். சின்னச் சின்னத் தடங்கல்கள்தான் யார் கண்ணிலும் படாமல் சேர்ந்துகொண்டே போய்க் குழந்தையைச் சாய்க்கின்றன.

கடைசியாக ஒரு சுவாரசியம். ஆபரேஷன் முடிந்த குழந்தையை ஐ.சி.யு.வுக்கு மாற்றும் சில நிமிடங்களில் குழப்பம் அதிகம். கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் டாக்டர்கள் டி.வி.யில் கார் பந்தயம் பார்த்தபோது, டயர் மாற்றும் கூட்டம் சத்தமில்லாமல் வேலை செய்வதைக் கவனித்து ஃபெராரி அணியிடமே போய்விட்டார்கள். யார் எங்கே நிற்பது, யார் பேசுவது, யார் கையில் பொறுப்பு என்று வகுத்தார்கள். டி லெவாலும் சேர்ந்து எழுதிய 2007ஆம் ஆண்டுக் கட்டுரையில், ஒரு மாற்றத்துக்குச் சராசரியாக 5.42 ஆக இருந்த தொழில்நுட்பத் தவறுகள் 3.15 ஆகக் குறைந்ததாகக் கணக்கு இருக்கிறது. வழக்கம் போல எண்ணித்தான் வைத்திருக்கிறார்கள்.

பரீட்சையில் கூசம் வரவே இல்லை நண்பர்களே. வந்தது எக்ஸ்-பார் சார்ட். அதை நான் படிக்கவில்லை.