பட்டறைச் சொல்லுக்கு வந்த பழி

(இரண்டாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்)

இந்த மலரைப் புரட்டினால் காதல் கவிதை ஏழெட்டு இருக்கும். வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி இரண்டு கட்டுரையாவது இருக்கும். நான் எழுத வந்தது வேறு சமாச்சாரம். ஏமாற்று, சூது, போலி என்று பொருள்படும் இங்கிலீஷ் சொற்கள் பல நம்முடைய ஒர்க்‌ஷாப்பில் பிறந்தவை. சிரிக்காதீர்கள், டிக்‌ஷனரியைத் திறந்து பாருங்கள்.

எங்கள் வீட்டுக்குள் இங்கிலீஷ் டிக்‌ஷனரி நுழைந்ததே என்னோடுதான். அப்பா கொல்லுப் பட்டறைக்காரர். அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை எல்லாம் அடித்துத் தருவார். முதலாண்டில் ‘ஃபோர்ஜிங்’ என்ற பாடம் வந்ததும், அட, நம்ம அப்பா வேலைதானே என்று ஆசையோடு ‘ஃபோர்ஜ்’ என்ற சொல்லைத் தேடினேன். உலைக்களம் என்று போட்டிருந்தது. நாலு வரி தள்ளி ‘ஃபோர்ஜரி’: கள்ளக் கையெழுத்து, போலிப் பத்திரம்!

இது எப்படி? தேடத் தேட வேடிக்கையாக இருந்தது. லத்தீனில் ‘ஃபாபர்’ என்றால் கைவினைஞன், கொல்லன். அவன் வேலை செய்யும் இடம் ‘ஃபாப்ரிகா’. இந்தச் சொல்தான் பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து ‘ஃபோர்ஜ்’ ஆனது. ‘ஃபேப்ரிகேட்’ என்பதும் அதே வயிற்றுப் பிள்ளை. நாம் வெல்டிங் அடித்துச் சட்டம் கட்டினால் ஃபேப்ரிகேஷன். கோர்ட்டில் பொய்ச் சாட்சியம் ஜோடித்தாலும் ஃபேப்ரிகேஷன். ஃபோர்ஜ் என்ற சொல்லுக்குப் போலி செய்தல் என்ற பொருள் 14ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது.

அதோடு நின்றதா? ‘கிராஃப்ட்’ என்றால் பழைய இங்கிலீஷில் வலிமை, திறமை. ஜெர்மன் மொழியில் ‘கிராஃப்ட்’ இன்றைக்கும் வலிமைதான். இங்கிலீஷில் ‘கிராஃப்டி’ ஆள் என்றால் நரி. ‘கன்னிங்’ என்பது ‘அறிந்தவன்’ என்ற பொருளில் தொடங்கிய சொல். அதையும் குள்ளநரி பக்கம் தள்ளிவிட்டார்கள். ‘மெஷின்’ கிரேக்கத்தில் பிறந்தது, ‘மெக்கானிக்’ அதன் உடன்பிறப்பு. சதித்திட்டத்துக்குப் பெயர் ‘மெஷினேஷன்’! ‘போகஸ்’ தெரியும் அல்லவா, போலி? 1827-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாகாணப் பத்திரிகையில் அந்தச் சொல் அச்சேறியபோது அது ஒரு கருவியின் பெயர். கள்ள நாணயம் அடிக்கும் கருவி. (‘சபோட்டாஜ்’ பற்றி ஒரு கதை சொல்வார்கள், பிரெஞ்சுத் தொழிலாளிகள் மரச்செருப்பை மெஷினுக்குள் எறிந்தார்கள் என்று. செருப்புக்கு ‘சபோ’ என்று பெயர் என்பது உண்மை. எறிந்த கதைக்கு ஆதாரம் கிடையாது.)

இதில் உச்சம் ‘என்ஜின்’. லத்தீனில் ‘இன்ஜீனியம்’ என்றால் பிறவி அறிவு. அது பழைய பிரெஞ்சில் ‘எஞ்ஞின்’ ஆனபோது திறமை, தந்திரம், போர்க்கருவி மூன்றையும் ஒன்றாகக் குறித்தது. அதைச் சுருக்கி ‘ஜின்’ என்றார்கள். வலை, கண்ணி, பொறி என்று பொருள். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்க 1793-இல் எலி விட்னி செய்த ‘காட்டன் ஜின்’னில் இருப்பதும் இந்த ஜின்தான். இப்போது தமிழைப் பாருங்கள். பொறி என்றால் இயந்திரம். எலிப்பொறியும் பொறிதான். பொறியியல் படிக்கிறோம் என்று மார்தட்டும் நமக்கு, இரண்டு மொழியிலும் ஒரே கண்ணி! கைவரிசை என்பதும் சிலம்பக்காரனின் வித்தை. இன்று பேப்பரில் ‘கொள்ளையர் கைவரிசை’ என்றுதான் அந்தச் சொல்லைப் பார்க்கிறோம்.

ஏன் இப்படி ஆனது? எனக்குத் தோன்றுவது இதுதான். வேலை செய்தவன் ஒருவன், எழுதி வைத்தவன் வேறொருவன். கை வேலை தெரிந்தவனைக் கண்டால், தெரியாதவனுக்கு ஒரு சந்தேகம். இவன் இரும்பையே வளைக்கிறானே, நம்மை வளைக்க மாட்டானா? அப்பாவிடம் இந்த ஃபோர்ஜரி கதையைச் சொன்னேன். துருத்தியை நிறுத்தாமலே கேட்டார்: “ஏந்தம்பி, எழுதத் தெரிஞ்சவன் பண்ற தப்புக்கு இரும்படிக்கிறவன் பேரா?” நியாயமான கேள்வி. கள்ளக் கையெழுத்துப் போட முதலில் கையெழுத்துத் தெரிய வேண்டுமே! அரிவாளில் பொய் சொல்ல முடியாது. பதம் சரியில்லை என்றால் முதல் வெட்டிலேயே வாய் மடங்கிவிடும். வாங்கியவன் மறுநாளே வாசலில் நிற்பான்.

ஆனால், நண்பர்களே, நாம் அப்பா இல்லை. நாம் எழுதத் தெரிந்த கொல்லர்கள். இங்கேதான் எனக்கு உறைக்கிறது.

2015-இல் ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் கம்பெனி மாட்டிக்கொண்டது. அதன் டீசல் கார்களுக்குள் ஒரு சாஃப்ட்வேர். இப்போது நடப்பது புகைச் சோதனை என்று தெரிந்தால் வண்டி யோக்கியனாக ஓடும். ரோட்டுக்கு வந்ததும் நைட்ரஜன் ஆக்ஸைடைச் சட்டம் அனுமதிப்பதைவிடப் பல மடங்கு கக்கும். உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள்! என்ஜின் என்ற சொல்லின் பழைய ‘தந்திர’ அர்த்தத்தை அந்தக் கம்பெனிதான் மறுபடி உயிர்ப்பித்தது. அமெரிக்காவில் அதன் இன்ஜினியர் ஒருவருக்கு 2017-இல் 40 மாதச் சிறை. அதே 2017-இல் ஜப்பானின் கோபே ஸ்டீல், அலுமினியம், தாமிரப் பொருட்களின் வலிமை பற்றிய விவரங்களைத் திருத்தி அனுப்பியதாக ஒப்புக்கொண்டது. வாங்கியவை சுமார் 500 கம்பெனிகள். இதில் சம்மட்டி பிடித்தவன் செய்த தப்பு எதுவும் இல்லை. எல்லாம் ரீடிங் எழுதும் பேனா செய்தது.

அந்தப் பேனா நாளை யார் கையில்? குவாலிட்டி கன்ட்ரோலில் டெஸ்ட் சர்டிஃபிகேட்டுக்குக் கையெழுத்துப் போடப்போவது பெரும்பாலும் டிப்ளமோக்காரன்தான். அந்தக் கை இப்போது எங்கே பழகுகிறது? நம்ம லேபில்.

1830-இல் சார்லஸ் பாபேஜ், ஆமாம், கணக்கு ‘என்ஜின்’ செய்யப் பாடுபட்ட அதே பாபேஜ், இங்கிலாந்தின் அறிவியல் வீழ்ச்சி பற்றிய தன் புத்தகத்தில் ஆராய்ச்சி மோசடிகளை வகை பிரித்தார். பார்க்காத ரீடிங்கைப் பார்த்ததாக எழுதுவது ஃபோர்ஜிங். அதிகமாக வந்ததில் கொஞ்சம் வெட்டிக் குறைவாக வந்ததில் ஒட்டுவது ட்ரிம்மிங். நிறைய ரீடிங் எடுத்து, ஒத்துவருவதை மட்டும் பொறுக்கி வைப்பது குக்கிங். பின்னால் தானே வெளிப்படட்டும் என்று வேண்டுமென்றே கதை கட்டுவது ஹோக்ஸிங். நாம் இதற்கெல்லாம் ஒரே சொல் வைத்திருக்கிறோம்: ‘ரீடிங் போடுறது’. சீனியர் ரெக்கார்டு கையில் இருந்தால் ஸ்பெசிமனைத் தொடவே வேண்டாம். ஒரே கம்பி வருஷா வருஷம் ஒரே லோடில் அறுகிறது, என்ன அதிசயம்!

மாணவர்களை மட்டும் திட்டுவது சுலபம். அது அநியாயம். ஒரு மெஷினைச் சுற்றிப் பதினைந்து பேர் நிற்கிறோம். டயல் தெரிவது முன்வரிசை மூன்று பேருக்கு. மீதிப் பேர் காதால் ரீடிங் எடுக்கிறார்கள். நேர்கோடாக வராத கிராஃபைக் கொண்டுபோனால் ‘ரிப்பீட்’ என்று திருப்பிக் கொடுப்பார்கள். ரிப்பீட் செய்ய மெஷின் எங்கே காலி? நேர்கோட்டுக்குத்தான் மார்க் என்றால், பையன் ஸ்கேலை வைத்து நேர்கோடு போடத்தான் செய்வான்.

ஆகவே பேரவைக்கு என் கோரிக்கை. அடுத்த செமஸ்டர் தொடங்கும் முன் நிர்வாகத்திடம் மூன்று கேளுங்கள். பேட்ச்சைச் சிறிதாக்குங்கள், ஐந்து பேருக்கு மேல் ஒரு மெஷினில் வேண்டாம். ரீடிங் எடுத்த உடனேயே, மெஷின் பக்கத்திலேயே, அப்சர்வேஷன் நோட்டில் சார் கையெழுத்துப் போடட்டும். கோணல் கிராஃபுக்கும் மார்க் உண்டு என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். ஏன் கோணல் என்று நாலு வரி எழுதியவனுக்கு ஒரு மார்க் கூடவே கொடுத்தாலும் தப்பில்லை.